பத்து நியூற்றனும் அக்காவின் கொடிக்கயிறும்

போன மாதம் முழுக்க என் பின்னேரங்கள் அக்காவின் மகனோடுதான் போயின. பெடியன் உயர்தரம், கணிதப் பிரிவு. ரியூசனுக்குப் போகிறான், கொப்பி கொப்பியாகக் குறிப்பு எழுதுகிறான், கடந்தகால வினாத்தாள்களை ஆண்டுவாரியாகக் கட்டி அடுக்கி வைத்திருக்கிறான், ஆனால் பௌதிகவியலில் மட்டும் புள்ளி நாற்பதைத் தாண்டமாட்டேன் என்கிறது. "நீயும் கணிதம்தானே படிச்சனி, பின்னேரத்தில ஒருக்கா இருந்து பாரன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். படித்தது உண்மைதான். பௌதிகவியலில் எனக்கு வந்தது எஸ், மட்டுமட்டான பாஸ், என்பதை அக்கா மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் வகுப்பு. ஆடி மாதம், கச்சான் காற்று அள்ளி எறிகிறது, கொப்பியின் நாலு மூலையிலும் எதையாவது தூக்கி வைத்தால்தான் எழுதலாம். முதல் நாள் அவனிடம் ஒரு சின்னக் கணக்கு கொடுத்தேன். ஒப்பமான கிடைத்தளத்தில் 2 கிலோகிராம் கட்டையும் 3 கிலோகிராம் கட்டையும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. 2 கிலோகிராம் கட்டையை 10 நியூற்றன் விசையால் மற்றதை நோக்கித் தள்ளுகிறோம். 3 கிலோகிராம் கட்டையின் மேல் விழும் விசை எவ்வளவு?

யோசிக்கவே இல்லை, 10 என்று எழுதினான்.

"எப்படி 10?"

"தள்ளுறது 10 தானே சித்தி. அது அப்படியே போய் மற்றதில படும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் பல வருடத்துக்கு முன் நானும் இதே கணக்குக்கு இதே விடையை இதே வேகத்தில் எழுதியவள். விசை ஏதோ குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி, ஒரு பக்கம் விட்டால் மறுபக்கத்தால் வரும் என்ற நினைப்பு. சரி, உன் விடை சரியென்றே வைப்போம் என்றேன். முதல் கட்டை இரண்டாவதை 10 நியூற்றனால் தள்ளினால், இரண்டாவது முதலாவதைத் திருப்பி 10 நியூற்றனால் தள்ளும், அது நியூற்றனின் மூன்றாம் விதி. இப்போது முதல் கட்டையைப் பார்: நாங்கள் முன்னுக்கு 10, அடுத்த கட்டை பின்னுக்கு 10, இரண்டும் சேர்ந்த விளையுள் பூச்சியம். அது ஆர்முடுகாமல், அதாவது வேகம் கூடாமல், அந்த இடத்திலேயே நிற்கும், இரண்டாவது மட்டும் அதை விட்டுவிட்டு ஓடிவிடும். விட்டு ஓடிய பிறகு தள்ளுவது யார்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாகப் போட்டான். இரண்டும் சேர்ந்து 5 கிலோகிராம், தள்ளுவது 10 நியூற்றன், ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர். 3 கிலோகிராம் கட்டைக்கு அந்த ஆர்முடுகல் கிடைக்க வேண்டியது 6 நியூற்றன். மிச்ச 4 நியூற்றன் முதல் கட்டையை நகர்த்தவே செலவாகிவிட்டது. மறுபக்கமிருந்து தள்ளினால் இடையில் வரும் விசை 4 நியூற்றன், 6 அல்ல. இந்தக் கடைசி வரியை அவன்தான் கேட்டுக் கண்டுபிடித்தான், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பெடியன் மண்டை நல்லாகத்தான் வேலை செய்கிறது, பிழை வேறெங்கோ என்று அப்போதுதான் எனக்கும் பிடிபட்டது.

ரியூசனில் "இப்படி வந்தால் இதைப் போடு" என்று பழக்கிவிட்டிருக்கிறார்கள். 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம், ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை, அதனால் அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் சமன்பாட்டுக்குப் போகுமுன் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒருவரும் நின்று கேட்பதில்லை. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்தேன்: பென்சிலால் ஒரு பொருளைச் சுற்றி வட்டம் போடு, "எதன்மேல்?" என்று சத்தமாகக் கேள், அந்த வட்டத்துக்குள் இருப்பதைத் தொடுகிற சாமான்களை மட்டும் எண்ணு, இந்தக் கணக்குகளில் தொடாமல் இழுப்பது பூமி ஒன்றுதான், அதையும் சேர். வேறு எதுவும் கிடையாது. "முன்னோக்கிய விசை", "வேகத்தால் வந்த விசை" என்று எதையாவது போட்டால் அதைத் தருவது எந்தச் சாமான் என்று காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் அழி.

முதல் இரண்டு நாளும் அழிறப்பர் நன்றாகத் தேய்ந்தது.

விற்றராசு, அதுதான் சுருள்வில் வைத்த தராசு, அந்தக் கணக்கும் இதே கதைதான். இரண்டு முனையிலும் 50 நியூற்றனால் இழுத்தால் வாசிப்பு 100 என்று பாதி வகுப்பு எழுதும், பூச்சியம் என்று கால்வாசி எழுதும். விடை 50. ஒரு முனையைச் சுவரில் கொளுவிவிட்டு மறுமுனையை 50 நியூற்றனால் இழுத்தால் சுவரும் 50 நியூற்றனால்தான் திருப்பி இழுக்கும், சுவருக்குப் பதில் ஒரு ஆளை நிறுத்தினால் விற்றராசுக்கு என்ன தெரியும்?

உராய்வில் இன்னொரு வியாதி. உராய்வு என்ற சொல்லைக் கண்டவுடன் உராய்வுக் குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால், அதாவது தளம் கட்டையைச் செங்குத்தாகத் திருப்பித் தள்ளும் விசையால், பெருக்கிவிடுவது. 5 கிலோகிராம் கட்டை, குணகம் 0.4, கிடையாக 10 நியூற்றனால் இழுக்கிறோம், கட்டை அசையவில்லை, உராய்வு எவ்வளவு? அவன் 0.4 ஐ 50 நியூற்றனால் பெருக்கி 20 என்றான். அப்படியானால் கட்டை பின்னுக்குப் போகவேண்டுமே, இழுக்கிற ஆளை நோக்கி வராமல்? 20 என்பது உராய்வால் அதிகபட்சம் கொடுக்கக்கூடியது. நீ 10 கேட்டால் அது 10 தான் தரும். வீட்டு அலுமாரியைத் தள்ளச் சொன்னேன். மெல்லத் தள்ளினான், அசையவில்லை. கூடத் தள்ளினான், அசையவில்லை. பிறகு சட்டென்று வழுக்கி இரண்டு அங்குலம் போய்விட்டது, அம்மா உள்ளேயிருந்து கத்தினா. அந்தச் சட்டென்று வழுக்குவதற்கு முந்திய கணத்தில் மட்டும்தான் உன் பெருக்கல் சரி என்றேன். எல்லைச் சமநிலை என்று புத்தகத்தில் இருப்பது அதுதான்.

இனிக் கொடிக்கயிறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதத்தில் எனக்கு உருப்படியாக ஒன்று விளங்கியதென்றால் அது பின்வளவில்தான் விளங்கியது.

அக்கா வீட்டில் பின்வளவில் இரண்டு தூணுக்கு இடையில் நைலோன் கயிறு. அது தொய்ந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. உடுப்பு நிலத்தில் முட்டும், ஊத்தைப்படும் என்று சொல்லி, வருகிற போகிற ஆட்களையெல்லாம் பிடித்து இறுக்கிக் கட்டச் சொல்லுவாள். கட்டினால் ஒரு கிழமையில் அறும், இல்லாவிட்டால் தூண் சாயும். கயிறு கூடாது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பாள்.

சேர்ந்து கணக்குப் போட்டோம். தூண்களுக்கிடையே 4 மீற்றர். நடுவில் ஒரு ஈரச் சேலை, 2 கிலோகிராம் என்று வைப்போம், நிறை 20 நியூற்றன். சேலையைப் போட்டதும் நடுப்பகுதி 10 சென்ரிமீற்றர் இறங்குகிறது. எதன்மேல்? சேலை தொங்குகிற அந்தக் கயிற்றுப் புள்ளியின் மேல். அதைத் தொடுபவை மூன்று: இடப்பக்கக் கயிறு, வலப்பக்கக் கயிறு, சேலை. இரண்டு பக்க இழுவையின் நிலைக்குத்துக் கூறுகளும் சேர்ந்து 20 நியூற்றனைத் தாங்க வேண்டும். கயிற்றின் அரைப்பாதி 2 மீற்றர், இறக்கம் 0.1 மீற்றர், ஆக கிடையோடு அது அமைக்கும் கோணத்தின் சைன் பெறுமதி கிட்டத்தட்ட 0.05. இரண்டு மடங்கு இழுவையை 0.05 ஆல் பெருக்கினால் 20 வரவேண்டும். இழுவை 200 நியூற்றன்.

"சேலை 20 தானே சித்தி!"

ஓம், 20 தான். ஆனால் கயிறு கிட்டத்தட்ட கிடையாகப் போவதால் அதன் இழுவையில் இருபதில் ஒரு பங்குதான் மேல் நோக்கித் தூக்குகிறது, மிச்சமெல்லாம் இரண்டு தூணையும் ஒன்றையொன்று நோக்கி இழுப்பதிலேயே போகிறது. இன்னும் இறுக்கி இறக்கத்தை 5 சென்ரிமீற்றர் ஆக்கினால் இழுவை 400. கொஞ்சமும் தொய்யாமல் நேராக வேண்டுமென்றால் அதற்கு எந்த விசையும் போதாது. கயிற்றை 50 சென்ரிமீற்றர் தொய்ய விட்டால்? சைன் 0.25க்குக் கொஞ்சம் கீழே, இழுவை நாற்பதைச் சொற்பம் தாண்டும், அவ்வளவுதான். வீதியில் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பத்துக்குப் போகும் வயரைப் பார், வேலை தெரியாதவன் கட்டினதால் அது தொய்ந்து கிடக்கவில்லை என்றேன். பெடியன் வெளியே போய் நின்று வயரைப் பார்த்துவிட்டு வந்தான்.

அவனே பிறகு டச்சு விரிகுடாப் பக்கம் கரைவலை இழுக்கிறதைப் பற்றிக் கேட்டான். இரண்டு கூட்டமாகப் பிரிந்து இரண்டு கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள், வலை கரைக்குக் கிட்ட வர வர இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். நெருங்குவது முக்கியமாக மீன் வெளியே போகாமல் வலையின் வாயை மூடத்தான், ஆனால் விசைக் கணக்கும் கூடவே நடக்கிறது. இரண்டு கயிற்றுக்கும் நடுவில் 120 பாகை இருந்தால் இரண்டு கூட்டம் இழுத்தும் விளையுள் ஒரு கூட்டத்தின் விசையளவுதான். 60 பாகைக்கு வந்தால் அதே ஆட்களுக்கு 1.73 மடங்கு. ஒன்றோடொன்று சமாந்தரமானால் முழுதாக இரண்டு மடங்கு.

கயிறு என்றதும் எனக்கு இன்னொரு ஞாபகம். சின்ன வயதில் மூதூருக்கு லோஞ்சில் போவோம். கரைக்கு வந்ததும் ஒரு ஐயா கயிற்றை எடுத்து இறங்குதுறையில் நிற்கிற இரும்புக் குற்றியில் மூன்று சுற்றுச் சுற்றுவார், பிறகு நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பீடி பற்றவைப்பார். அத்தனை ஆட்கள் ஏறிய படகு அலையில் இழுக்கும், அவர் அசையமாட்டார். அவருக்கு அவ்வளவு பலமா என்று வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு இழுவையைப் பெருக்கல் விகிதத்தில் குறைத்துக்கொண்டே போகும்; உராய்வுக் குணகம் 0.25 என்று எடுத்தால் மூன்று சுற்றில் கிட்டத்தட்ட 110 மடங்கு. கையில் 100 நியூற்றன் பிடித்தால் மறுபக்கம் 11,000 நியூற்றன் நிற்கும், ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறை. இது உயர்தரப் பாடத்திட்டத்தில் இல்லை. இருந்தாலும் சொன்னேன், பாடத்திட்டத்தில் இல்லாததைச் சொல்லும்போதுதான் அவன் காது கூர்மையாகிறது.

இரண்டாவது கிழமை நிலைமின்னியல், தேய்த்தால் வருகிற மின். இதற்குக் கச்சான் காலத்தை விட்டால் எங்கள் ஊரில் வேறு காலமில்லை. நான் படிக்கும்போது இந்தப் பாடம் மார்கழியில் வந்தது, வாடை மழை, ஆய்வுகூடத்தில் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. மின்னேற்றம் இருந்தால் பொன்னிலை மின்காட்டியில் இலை விரியும் என்று ரீச்சர் சொல்லுவா, விரிந்தமாதிரித் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கவே சோர்ந்து விழும். மின்னைக் கடத்தாத காவலியாக இருந்தாலும் ஈரம் படிந்தால் அதன் மேற்பரப்பால் ஏற்றம் கசிந்து போய்விடும் என்று எனக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை, நான் ஏதோ எனக்கு இராசியில்லாத பாடம் என்று நினைத்தேன். இப்போது ஆடி மத்தியானம், காற்று காய்ந்து உதடு வெடிக்கிறது. பிளாஸ்ரிக் அடிமட்டத்தைத் தலையில் தேய்க்கச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை, பெடியன் தலை முழுக்க நல்லெண்ணெய். பிறகு பழைய பட்டுச் சேலைத் துண்டில் தேய்த்து, பேப்பர்த் துணுக்குகளுக்கு மேலே பிடித்தோம்.

துணுக்குகள் எழும்பி நின்றன. சில போய் ஒட்டின. ஒட்டிய சில, ஒரு கணம் கழித்து, யாரோ சுண்டிவிட்ட மாதிரித் தெறித்துப் பறந்தன.

"பேப்பரில ஏற்றம் இல்லையே, ஏன் இழுபடுது?" நல்ல கேள்வி. மறை (மைனஸ்) ஏற்றமுள்ள அடிமட்டம் கிட்ட வந்தால் பேப்பருக்குள் ஏற்றங்கள் சற்று விலகும், கிட்டப் பக்கத்தில் நேர், தூரப் பக்கத்தில் மறை. அளவு சமம், ஆனால் தூரம் சமமில்லை. கூலோம் 1785இல் முறுக்குத் தராசை வைத்து அளந்து சொன்னது இதைத்தான், தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக விசை குறையும். கிட்ட இருக்கிற கவர்ச்சி தூர இருக்கிற தள்ளுகையை வெல்லும். ஒட்டிய பிறகு தெறிப்பது, தொட்டபோது அடிமட்டத்தின் ஏற்றத்தில் கொஞ்சம் பேப்பருக்குப் போய்விட்டதால், இப்போது இரண்டும் ஒரே இனம். அப்படியென்றால் பேப்பரும் அடிமட்டத்தை இழுக்கிறதா? இழுக்கிறது, அதே அளவால். "அப்ப ஏன் அடிமட்டம் கீழ வரேல்ல?" என் கை பிடித்திருக்கிறதே! எதன்மேல் எத்தனை விசை என்று எண்ணடா என்றேன்.

கணக்கில் அவனை விழுத்தியது உலோகக் கோளங்கள். ஒரே அளவான இரண்டு கோளம், ஒன்றில் நேர் 6 மைக்ரோகூலோம், மற்றதில் மறை 2, இடைத்தூரம் 30 சென்ரிமீற்றர். விசை 1.2 நியூற்றன், கவர்ச்சி. இரண்டையும் தொடவைத்துத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தால்? ஏற்றம் இல்லாமல் போய்விடும் என்று எழுதினான். மொத்தம் நேர் 4, இரண்டும் ஒரே அளவென்பதால் ஆளுக்கு 2. விசை 0.4 நியூற்றன், இந்தமுறை தள்ளுகை. மூன்றில் ஒன்றாகக் குறைந்ததை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள், திசை மாறியதை எழுத மறந்து புள்ளியை விடுவார்கள்.

மின்புலம் பூச்சியமாகும் புள்ளி, அதாவது ஏற்றம் வைத்தாலும் விசை வராத இடம், இன்னொன்று. ஒரு பக்கம் நேர் 4 பங்கு, 30 சென்ரிமீற்றர் தள்ளி நேர் 1 பங்கு என்றால், பெரியதிலிருந்து 20 சென்ரிமீற்றரில், இரண்டுக்கும் நடுவில். சிறியதை மறை ஏற்றமாக்கினால் பெடியன் மறுபடியும் நடுவில்தான் தேடுகிறான். அங்கே ஒரு நேர்ச் சோதனை ஏற்றத்தை வை, அதன்மேல் என்ன நடக்கிறது? பெரியது அந்தப் பக்கம் தள்ளுகிறது, சிறியது அதே பக்கம் இழுக்கிறது, எங்கே பூச்சியமாகும்? வெளியேதான் போகவேண்டும், சிறியதுக்கு அப்பால் 30 சென்ரிமீற்றரில். பெரியதுக்கு அப்பால் போனால் கிட்டவும் பெரியது, ஏற்றமும் பெரியது, சிறியதால் ஈடுகொடுக்கவே முடியாது. இதைப் படம் போடாமல் வெறும் வர்க்கச் சமன்பாட்டால் செய்தால் இரண்டு விடை வரும், எதை விடுவது என்று தெரியாமல் விழிப்போம்.

ஒரு கூலோம் என்றால் எவ்வளவு என்ற உணர்வே எங்களுக்கு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கூலோம் வைத்து ஒரு கிலோமீற்றர் தள்ளி நிறுத்தினால் ஒன்றையொன்று 9000 நியூற்றனால் தள்ளும், ஏறத்தாழ ஒரு சின்னக் காரின் நிறை. இடையில் மின்னல் பற்றியும் பேச்சு வந்தது. காருக்குள் இருந்தால் மின்னல் பிரச்சினையில்லை என்பதற்கு ரயர் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். ஆகாயத்திலிருந்து அத்தனை மீற்றர் காற்றைப் பிளந்துகொண்டு வந்த மின்னலுக்கு அரை அடி ரப்பர் ஒரு பொருட்டா? மூடிய உலோகக் கூட்டின் வெளிப்புறத்தாலேயே ஏற்றம் ஓடிவிடும் என்பதுதான் காரணம். ஓட்டோவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதன் கூரை றெக்சின்.

மூன்றாவது கிழமை சுற்றுகள். முதல் படத்தில் 6 ஓம் தடைகள் மூன்று வரிசையாக நிற்கின்றன, அ, இ, ஈ, ஆ என்று நாலு புள்ளி. ஆனால் அ-வையும் ஈ-யையும் மேலால் ஒரு வெறும் வயர் இணைக்கிறது, இ-யையும் ஆ-வையும் கீழால் இன்னொரு வயர். அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே தடை எவ்வளவு?

"எல்லாம் ஒரே வரிசையில நிக்குது சித்தி, மூண்டையும் கூட்டினாச் சரி. 18 ஓம்."

"வடிவாப் பாத்தனியா?"

"ஓம்."

"எத்தனை ஓம்?"

"ஓம் சித்தி, 18 ஓம்!"

அக்கா குசினிக்குள் இருந்து என்ன இரண்டு பேரும் மந்திரமா சொல்லுறியள் என்றாள். (ஜேர்மனியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த மனிதர் அந்த ஓம். 1827இல் தன் விதியைப் புத்தகமாகப் போட்டபோது அவருடைய ஊரில் அதை எடுபடவிடவில்லை. எங்கள் ஊரில் நாள் முழுக்க அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.)

கலர் பென்சில் எடுத்துவரச் சொன்னேன். அ-விலிருந்து தொடங்கி, தடையைத் தாண்டாமல் வயரில் மட்டும் எங்கெல்லாம் போகலாமோ அங்கெல்லாம் நீலம் தீட்டு. ஆ-விலிருந்து அதேமாதிரிச் சிவப்பு. தீட்டி முடிக்க, அ-வும் ஈ-யும் நீலம், இ-யும் ஆ-வும் சிவப்பு. இப்போது ஒவ்வொரு தடையாகப் பார். முதலாவது நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. மூன்றும் சமாந்தர இணைப்பு, 6இல் மூன்றிலொன்று, விடை 2 ஓம். பென்சிலை வைத்துவிட்டுக் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு "வரிசையில நிக்கிறதுக்கும் தொடர் இணைப்புக்கும் சம்பந்தமே இல்லையா" என்றான். இல்லை. விசையில் "எதன்மேல்?" என்று கேட்டமாதிரி இங்கே "எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில்?" என்று கேட்கவேண்டும். வயர் எவ்வளவு நீளமாக வளைந்து போனாலும் அது ஒரே புள்ளிதான்.

அன்றிலிருந்து அவன் சுற்றுக் கணக்கெல்லாம் நிறம் தீட்டித்தான் செய்கிறான். பரீட்சையில் கலர் பென்சிலுக்கு நேரம் இராது, நுனிகளில் எழுத்துக் குறித்தால் போதும். உவீத்தன் பாலம், அதாவது இரண்டு பாதைக்கும் நடுவில் ஒரு தடை குறுக்கே போகிற சுற்று, அதுகூட அப்படி லேசாகிவிட்டது: ஒரு பக்கம் 2 ஓமும் 4 ஓமும், மறுபக்கம் 3 ஓமும் 6 ஓமும், நடுவில் 5 ஓம். இரண்டு பக்கமும் ஒரே விகிதம், அதனால் நடுவிலுள்ள இரண்டு நுனிக்கும் மின்னழுத்த வித்தியாசம் இல்லை, ஒரே நிறம் தீட்டலாம், 5 ஓமைத் தூக்கி எறியலாம். கேர்ச்சோப்பின் விதிகளைப் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை. கேர்ச்சோப் அந்த விதிகளை 1845இல் வெளியிட்டபோது வயது 21, பல்கலைக்கழக மாணவன் என்று சொன்னேன். மூன்றாவது முறை உயர்தரச் சோதனை எழுதுகிற வயது என்றான் அவன்.

குண்டு பல்ப் கணக்கை விரைவாக முடித்துவிட்டோம்: 60 உவாற்றும் 100 உவாற்றும் 230 வோல்ற்றுக்குத் தொடராகப் போட்டால் எது கூடப் பிரகாசம்? 60. அதன் தடைதான் கூட, ஓடுவது ஒரே மின்னோட்டம், தடை மாறாது என்று எடுத்தால் அதற்கு ஏறத்தாழ 23 உவாற்று, மற்றதுக்கு 14. எழுதியிருக்கிற எண் 230 வோல்ற்றில் தனியாகப் போட்டால் மட்டும் சரி.

அகத்தடையைத்தான் அவனுக்கு எப்படியும் விளக்க முடியவில்லை. மின்கலத்துக்குள் ஒரு தடை ஒளிந்திருக்கிறது என்றால் "எங்க, காட்டுங்கோ" என்கிறான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணனின் ஓட்டோ கிளம்பவில்லை. திறப்பைத் திருப்பினால் டிக் என்கிறது, அவ்வளவுதான். கராச்சில் பற்றரி செத்துவிட்டது, புதுசு போடு என்று சொல்லிவிட்டார்களாம். பெடியனையும் கூட்டிக்கொண்டு என்னுடைய மலிவான மல்ரிமீற்றரோடு போனேன்.

சும்மா இருக்கும்போது பற்றரியில் 12.6 வோல்ற்று. "நல்லாத்தானே இருக்கு?" என்றான். மின்னோட்டம் ஓடாதபோது அகத்தடையில் ஒன்றும் விழாது, அதனால் அந்த வாசிப்பை நம்பாதே, திறப்பைத் திருப்பும்போது பார். அண்ணன் திருப்பினார். பற்றரியின் ஈய முனை இரண்டுக்கும் நடுவில் 12.1. அரை வோல்ற்றுத்தான் உள்ளே விழுகிறது, அது செத்த பற்றரி இல்லை. அப்போது பெடியன், நான் சொல்லாமலே, "சித்தி, வேற ரண்டு புள்ளியில வச்சுப் பாப்பமா" என்றான்.

நேர் முனையின் ஈயத்தில் ஒரு கம்பி, அதைக் கவ்விக்கொண்டிருக்கும் கிளிப்பில் மற்றக் கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கிற இடம், பூச்சியம்தான் காட்டவேண்டும். அண்ணன் திறப்பைத் திருப்ப, மீற்றர் 4 காட்டியது. நடுவில் ஒரு வெள்ளையும் பச்சையுமான பூஞ்சணம் மாதிரிப் படை, விரல் நகத்தளவு. மின்னோட்டம் 40 அம்பியர் என்று எடுத்தாலும் அந்தப் படையின் தடை 0.1 ஓம்தான், ஆனால் மூன்றிலொரு பங்கு வோல்ற்றளவை அதுவே தின்றுவிடுகிறது. கிளிப்பைக் கழற்றி, சுடுதண்ணி ஊற்றி, பழைய பல்தூரிகையால் தேய்த்து, துடைத்து, இறுக்கிப் பூட்டினோம். ஓட்டோ ஒரே அடியில் கிளம்பியது. அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பத்திரகாளி அம்மன் கோயிலடி வரை ஏற்றிக்கொண்டு போய்ப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். பெடியன் வழி முழுக்க 0.1 ஓம், 0.1 ஓம் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கடைசியாகச் செய்த மாதிரி வினாத்தாளில் 61. மூன்று பிழை நிறம் தீட்டாததால் வந்தது, ஒன்று உராய்வு, பழையபடி குணகத்தைப் பெருக்கிவிட்டான். மற்றவை வெப்பவியல், அதற்கு நான் ஆளில்லை.

கொடிக்கயிற்றை நாங்கள் அரை மீற்றர் தொய்ய விட்டு, நிலத்தில் முட்டாமல் இருக்கத் தூணில் கட்டுகிற இடத்தை மேலே உயர்த்திக் கட்டியிருந்தோம். கணக்கை அக்காவுக்குப் பேப்பரில் போட்டும் காட்டினோம், தலையாட்டினாள். நேற்றுப் போய்ப் பார்த்தால் கயிறு வீணைத் தந்தி மாதிரி இறுகி நிற்கிறது, ஒரு பக்கத் தூண் உள்ளுக்குச் சாயத் தொடங்கிவிட்டது.

"ஆர் இறுக்கினது?"

"அண்ணன் வந்தவர், ஓட்டோக்காரர். சும்மா நிண்டவர், கட்டச் சொன்னனான்."